அட்டையில் நின்ற காற்றாலைகள்

சென்ற வாரம் மைக்கேல் பாரடே மெழுகுவர்த்தியைப் பற்றி எழுதிய நூலைப் பார்த்தோம். அது புகழ்பெற்றது. இந்த வாரம் பார்க்கப்போவது யாரும் கொண்டாடாத ஒன்று. 'யூஸிங் எனர்ஜி' என்று பெயர். அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்காக அச்சான சாதாரண அறிவியல் பாடநூல்.

அது போய்ச் சேர்ந்த இடம் ஆப்பிரிக்காவின் மலாவி. கசுங்கு பக்கத்தில் விம்பே என்ற ஊரின் ஆரம்பப் பள்ளி நூலகம். ஆண்டு 2002. மக்காச்சோளம் பொய்த்து, அரசின் சேமிப்புத் தானியமும் விற்றுப்போய், ஊரே பட்டினியில் கிடந்தது. கட்டணம் கட்ட முடியாமல் பள்ளியை விட்டு நின்ற 14 வயது வில்லியம் காம்குவாம்பா, படிப்பு விட்டுப்போகக் கூடாதென்று அந்த நூலகத்துக்குப் போய்வந்தான். நன்கொடையாக வந்திருந்த புத்தகங்களுக்கிடையே இது அகப்பட்டது. அட்டையில் வரிசையாகக் காற்றாலைகள்.

அவனுக்கு ஆங்கிலம் அரைகுறை. முதலில் படத்தைப் பார்ப்பான். பிறகு அந்தப் படத்தை விளக்கும் வரிகளைத் தேடிப்பிடித்து, தெரியாத சொற்களுக்குப் பொருள் கேட்டுக்கொள்வான். காற்றாலை தண்ணீர் இறைக்கும், மின்சாரமும் தரும் என்று புரிந்தது. மழையை நம்பிய நிலத்தில் தண்ணீர் இறைக்க முடிந்தால் இரண்டாம் போகம் உண்டு, பட்டினி இல்லை. நூலை எழுதியவர்கள் இப்படியொரு வாசகனை நினைத்திருக்க மாட்டார்கள்.

பழைய இரும்புக் குவியலில் டிராக்டர் விசிறியும் ஷாக் அப்சார்பரும் கிடைத்தன. பி.வி.சி. குழாயை நெருப்பில் வாட்டித் தட்டையாக்கி இறக்கைகள் செய்தான். சைக்கிள் சட்டம், டைனமோ, யூகலிப்டஸ் கம்பங்களில் ஒரு கோபுரம். பையனுக்குப் பைத்தியம் என்றது ஊர். காற்று வீசியதும் சின்ன பல்பு எரிந்தது. அன்று மலாவியில் நூற்றுக்கு இரண்டு பேருக்குத்தான் மின்சாரம் என்று பின்னாளில் அவரே எழுதினார். சீக்கிரமே அவர் வீட்டு வாசலில் செல்போன் சார்ஜ் போட வரிசை நின்றது. இந்தக் கதையை வைத்து 2019இல் வந்த திரைப்படத்தில் அந்தக் காற்றாலை நேரே தண்ணீர் இறைத்துப் பயிரைக் காப்பாற்றிவிடுகிறது. உண்மையில் முதலில் வந்தது விளக்குதான். பம்பு பிறகே வந்தது. எனக்கு விளக்கே போதுமான கதை.

பத்திரிகையாளர் பிரையன் மீலருடன் சேர்ந்து வில்லியம் தன் கதையை எழுதிய நூல் 2009இல் வந்தது. பிறகு படக்கதையாகவும், இளையோர் பதிப்பாகவும் வந்தது. நான் சிபாரிசு செய்வது இளையோர் பதிப்பை. டைனமோவைச் சொல்லும் அதே புத்தகம், பசியையும் பள்ளிக் கட்டணத்தையும் மறைக்காமல் சொல்கிறது. சிறுவருக்கான ஆற்றல் நூல்கள் பலவும் 'மின்சாரத்தைச் சேமிப்போம்' என்று உபதேசித்துவிட்டு நின்றுவிடுகின்றன. மின்சாரம் எப்படிப் பிறக்கிறது, யார் வீட்டுக்கு வரவில்லை, ஏன் வரவில்லை என்பதற்கு அவற்றில் பக்கம் இல்லை.

அடுத்த முறை பிள்ளைக்கு இப்படியொரு நூல் வாங்கும்போது நடுவில் திறந்து ஒரு வரைபடத்தைக் காட்டுங்கள். இது எப்படி ஓடுகிறது என்று கேளுங்கள். படத்தைப் பார்த்தே பிள்ளை சொல்லிவிட்டால், வாங்கிவிடலாம்.

(தொடரும்)