வீட்டிற்குள் சிக்னல் கிடைக்கவில்லையா?

தெற்கு தில்லியில், ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்திற்கும் ராமகிருஷ்ணபுரத்திற்கும் அருகே அமைந்துள்ளது முனிர்கா. தில்லித் தமிழ்ச் சங்கமும் மலைமந்திரும் அண்மையில் இருப்பதால், தலைநகர்த் தமிழர்களுக்கு இது நன்கு பழகிய வட்டாரம். இங்குள்ள பழைய கிராமப் பகுதிக்கு ஒரு தனி வரலாறு உண்டு. 1908ஆம் ஆண்டில் ஆங்கிலேய ஆட்சியின் வருவாய்த்துறை, கிராமக் குடியிருப்பை விளைநிலத்திலிருந்து பிரித்துக்காட்ட வரைபடத்தில் சிவப்புக் கோடு வரைந்தது. ‘லால் டோரா’ எனப்படும் அக்கோட்டிற்குள் கட்டட விதிகள் நெடுங்காலம் தளர்வாகவே இருந்தன. நகரம் சுற்றிலும் வளர்ந்தபோது, கிராமம் உள்ளுக்குள்ளேயே உயர்ந்தது. இன்று அதன் சந்துகளில் நான்கைந்து மாடிக் கட்டடங்கள், ஒன்றின் பால்கனி மற்றொன்றின் பால்கனியைத் தொடும் அளவிற்கு நெருங்கி நிற்கின்றன.

இத்தகைய கட்டடத்தின் கீழ்த்தளத்தில் குடியிருப்போர்க்கு வெயில் மட்டுமல்ல, கைபேசி சிக்னலும் அரிது. முன்பு இது பேச்சு தடைப்படும் சிறு தொல்லையாக இருந்தது. இன்று வங்கிக் கணக்கின் சாவியே கைபேசிதான். ஓடிபி எனப்படும் ஒருமுறைக் கடவுச்சொல் சில நிமிடங்களில் காலாவதியாகிவிடும். யுபிஐ செயலியைப் புதிதாகப் பதிவு செய்யும்போது, கைபேசியிலிருந்து ஒரு குறுஞ்செய்தி தானாகவே வெளியே சென்றாக வேண்டும். பணம் எடுக்கப்பட்டதை அறிவிக்கும் செய்தி தாமதமாக வந்தால், மோசடியைத் தடுக்கும் வாய்ப்பும் தள்ளிப்போகும். ஆகவே, வீட்டிற்குள் சிக்னலைச் சீராக்குவது வசதிக்கான முயற்சி மட்டுமன்று. கணக்கின் பாதுகாப்பிற்கான முயற்சியுமாகும்.

அலை ஏன் உள்ளே வருவதில்லை?

கைபேசிக்கும் கோபுரத்திற்கும் இடையே செல்வது வானொலி அலை. செங்கல் சுவர் அதைச் சற்றே குறைக்கும். கம்பி கட்டிய கான்கிரீட் சுவர் பெரிதும் குறைக்கும். உலோகப் பூச்சுள்ள கண்ணாடி அதைவிடவும் மிகுதியாகத் தடுக்கக்கூடும். இரும்பு அலமாரி, தகரக் கூரை, பெரிய நிலைக்கண்ணாடி, நீர் நிரம்பிய தொட்டி ஆகியவையும் தடைகளே.

அலையின் அதிர்வெண்ணும் முக்கியமானது. இந்தியாவில் கைபேசிச் சேவை 700 மெகாஹெர்ட்ஸ் தொடங்கி 3300 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பல அலைக்கற்றைகளில் இயங்குகிறது. 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 33 சென்டிமீட்டர்; 3300 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 9 சென்டிமீட்டர். பொதுவாக, நீண்ட அலை தொலைவு செல்லும், சுவர்களையும் எளிதில் கடக்கும். குறுகிய அலை மிகுந்த தரவைச் சுமக்கும். ஆனால் சுவரைக் கண்டதும் சோர்ந்துவிடும். 2022 அக்டோபர் 1 அன்று தில்லி பிரகதி மைதானத்தில் தொடங்கிவைக்கப்பட்ட 5ஜி சேவை, தெருவில் மிக வேகமாகவும் அதே வீட்டின் உள்ளறையில் தடுமாறியும் இயங்குவதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு நுட்பமும் உண்டு. கோபுரம் பல வாட் ஆற்றலில் பேசுகிறது. 4ஜி கைபேசியோ வழக்கமாக அதிகபட்சம் 0.2 வாட் ஆற்றலில்தான் மறுமொழி கூறுகிறது. கோபுரத்தின் குரல் நமக்குக் கேட்டாலும், நமது குரல் கோபுரத்தை எட்டாமல் போகலாம். திரையில் இரண்டு கோடுகள் தெரிந்தும் அழைப்பு இணையாமல் போவது இதனால்தான். சிக்னல் குறைந்த இடத்தில் கைபேசி தன் முழு ஆற்றலையும் செலவிட முயல்வதால், மின்கலமும் விரைவில் தீர்ந்துவிடுகிறது.

முதலில் அளந்து பாருங்கள்

திரையில் தெரியும் கோடுகளை நம்பிவிடக் கூடாது. கோடுகளின் கணக்கு கைபேசிக்குக் கைபேசி மாறுபடும். உண்மையான அளவு டெசிபல் மில்லிவாட் என்னும் அலகில் கிடைக்கும். பெரும்பாலான ஆண்ட்ராய்டு கைபேசிகளில் அமைப்புகளில் ‘கைபேசியைப் பற்றி’ என்னும் பகுதியில் சிம் நிலையைத் திறந்தால் இதனைக் காணலாம். அந்த எண் எதிர்க்குறியுடன் இருக்கும். 4ஜி சேவையில் -90 என்பது நல்ல நிலை. -110 என்பது பலவீனம். -120ஐ நெருங்கினால் இணைப்பு ஏறத்தாழ இல்லை எனலாம்.

இக்கணக்கில் 10 எண்கள் குறைந்தால் அலையின் ஆற்றல் பத்தில் ஒரு பங்காகும். 20 எண்கள் குறைந்தால் நூறில் ஒரு பங்காகும். மொட்டை மாடியில் -90ம் கீழ்த்தள அறையில் -110ம் காட்டினால், கோபுரம் நன்றாகவே இயங்குகிறது, வழியில் கட்டடமே அலையின் நூறில் தொண்ணூற்றொன்பது பங்கை விழுங்கிவிட்டது என்று பொருள். மாடியிலும் அதே -110 இருந்தால், குறை வீட்டில் இல்லை. அப்பகுதியின் சேவையில் உள்ளது. இவ்விரண்டிற்கும் தீர்வுகள் வெவ்வேறு என்பதால், இந்த அளவீட்டைச் செய்யாமல் பணம் செலவிட வேண்டாம். ஒவ்வோர் அறையிலும் சன்னலோரத்திலும் ஓரிரு நிமிடம் நின்று எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வேறு நிறுவனச் சேவையைப் பயன்படுத்தும் உறவினரின் கைபேசியையும் அதே இடங்களில் பாருங்கள்.

செலவில்லாத சீரமைப்புகள்

அளவு மிகுதியாக உள்ள சன்னலோரத்தையே கைபேசியின் இடமாக வைத்துக்கொள்ளலாம். உலோகத் தகடு பதித்த உறையையும் காந்த உறையையும் கழற்றிப் பார்க்கலாம். 5ஜி சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தால், அமைப்புகளில் 4ஜியைத் தேர்ந்தெடுத்து வைப்பது பல வீடுகளில் பயன் தரும். வேகம் சற்றுக் குறைந்தாலும் இணைப்பு நிலைக்கும். வெளியிலிருந்து வீட்டிற்குள் வந்தவுடன் கைபேசி தொலைவிலுள்ள கோபுரத்தையே பற்றிக்கொண்டிருக்கலாம். விமானப் பயன்முறையை ஒருமுறை இட்டு நீக்கினால் அது மீண்டும் தேடத் தொடங்கும்.

வைஃபை அழைப்பு: சுவரைச் சுற்றிவரும் வழி

சுவரே தடையெனில், சுவரைத் துளைத்து உள்ளே வரும் கம்பியையே பயன்படுத்திக்கொள்வதுதான் சிறந்த தீர்வு. வீட்டில் அகலக்கற்றை இணைப்பு இருந்தால், கைபேசி அழைப்பை வைஃபை வழியாகவே அனுப்பலாம். இதற்குத் தனிச் செயலி வேண்டியதில்லை, எண் மாறுவதில்லை, மறுமுனையில் இருப்பவரிடமும் எந்தச் சிறப்பு வசதியும் தேவையில்லை. இந்தியாவில் இவ்வசதி 2019 டிசம்பரில் ஏர்டெல் நிறுவனத்தால் முதலில் தில்லி வட்டாரத்தில்தான் அறிமுகப்படுத்தப்பட்டது. 2020 ஜனவரியில் ஜியோ நாடு முழுவதும் இதனை வழங்கத் தொடங்கியது. உள்நாட்டு அழைப்புகளுக்குத் தனிக் கட்டணம் இன்றியே இரு நிறுவனங்களும் இதனை அறிமுகம் செய்தன.

கைபேசி அமைப்புகளில் சிம் அல்லது அழைப்புப் பகுதியில் ‘வைஃபை காலிங்’ என்பதை இயக்கினால் போதும். பல கைபேசிகளில் இது தொடக்கத்தில் அணைந்தே இருக்கும். சிக்னலே இல்லையென முறையிடும் பலருடைய கைபேசியிலும் இத்தீர்வு பயன்படாமல் உறங்கிக்கொண்டிருக்கக்கூடும்.

இயக்கிய பின் ஒரு சோதனை செய்க. விமானப் பயன்முறையை இட்டு, வைஃபையை மட்டும் இயக்கி, வேறொருவரை உங்கள் எண்ணிற்கு அழைக்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் அன்றி, சாதாரணக் குறுஞ்செய்தி ஒன்றும் அனுப்பச் சொல்லுங்கள். இரண்டும் வந்து சேர்ந்தால், வங்கியின் கடவுச்சொல்லும் அவ்வழியே வரும் என நம்பலாம். அழைப்பு வந்து குறுஞ்செய்தி வராவிடில், சேவை நிறுவனத்திடம் கேட்டறிய வேண்டும்.

மின்சாரம் நின்றால் ரௌட்டரும் நிற்கும். ரௌட்டருக்கென விற்கப்படும் சிறு யுபிஎஸ் கருவி இக்குறையைப் போக்கும். கான்கிரீட் அறைகள் பல கொண்ட வீட்டில், ரௌட்டரை வீட்டின் நடுவில் சற்று உயரத்தில் வைப்பதும், தொலைவு அறைகளில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையைப் பயன்படுத்துவதும் நன்று. விடுதிகளிலும் வாடகை அறைகளிலும் பலர் பகிரும் வைஃபையாயின், வங்கிச் செயலியின் கடவுச்சொல்லை அங்கு உள்ளிடாமல் இருப்பது பாதுகாப்பானது.

பூஸ்டர் வாங்கலாமா?

சிக்னல் பூஸ்டர், ரிப்பீட்டர் என்னும் பெயர்களில் சில கருவிகள் விற்கப்படுகின்றன. வாங்கிப் பொருத்திவிட்டால் தீர்ந்தது என்று தோன்றும். ஆனால் உரிமம் பெற்ற தொலைத்தொடர்பு நிறுவனங்களைத் தவிர வேறு எவரும் இவற்றை வைத்திருப்பதும் விற்பதும் பயன்படுத்துவதும் சட்டத்திற்குப் புறம்பானது என மத்தியத் தொலைத்தொடர்புத் துறை 2022 ஜூலையில் பொது அறிவிப்பு வெளியிட்டுள்ளது.

இத்தடைக்கு நியாயமான காரணம் உண்டு. பூஸ்டர் நல்ல அலையை மட்டும் பெருக்குவதில்லை. இரைச்சலையும் சேர்த்தே பெருக்கிக் கோபுரத்தை நோக்கி வீசுகிறது. அதன் வெளி ஆண்டெனாவும் உள் ஆண்டெனாவும் போதிய இடைவெளியின்றி இருந்தால், ஒலிபெருக்கியின் முன் ஒலிவாங்கியைப் பிடித்தாற்போல் கருவி தானே ஊளையிடத் தொடங்கும். கோபுரம் அந்த இரைச்சலில் மற்றக் கைபேசிகளின் மெல்லிய குரலைக் கேட்க இயலாமல் தவிக்கும். முனிர்கா போன்ற நெருக்கமான இடத்தில் இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். ஒரு வீட்டில் சிக்னல் நிறையும். சுற்றியுள்ள வீடுகளில் அழைப்புகள் அறுபடும். அவர்களுள் ஒருவர் மருத்துவ உதவிக்காக அழைத்துக்கொண்டிருக்கலாம். பிறகு அவர்களும் ஆளுக்கொரு பூஸ்டர் வாங்கினால், தெரு முழுவதற்குமே சேவை கெடும்.

நிறுவனத்தை மாற்றுவதும் முறையிடுவதும்

மாடியிலும் சிக்னல் குறைவாகவே இருந்து, வேறு நிறுவனத்தின் சேவை அதே இடத்தில் நன்றாக இருந்தால், எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றிக்கொள்ளலாம். இவ்வுரிமை 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும் நடைமுறையில் உள்ளது. ‘போர்ட்’ என்னும் ஆங்கிலச் சொல்லையும் உங்கள் எண்ணையும் 1900க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால் குறியீடு ஒன்று வரும். அதனைப் புதிய நிறுவனத்திடம் அளிக்க வேண்டும். முன்னதாக, அந்நிறுவனத்தின் முன்கட்டண சிம் ஒன்றைச் சில நாட்கள் வீட்டில் பயன்படுத்திப் பார்ப்பது நல்லது. நிறுவனங்கள் தங்கள் சேவை எட்டும் பகுதிகளை வரைபடமாக இணையத்தில் வெளியிடுகின்றன, அதுவும் உதவும். மாறும் நாளில் சில மணி நேரம் சேவை நின்றுபோகலாம் என்பதால், பெருந்தொகைப் பரிமாற்றத்தை அன்று வைத்துக்கொள்ள வேண்டாம். எண் மாறாததால் வங்கியில் திருத்தம் தேவையில்லை. யுபிஐ செயலி மட்டும் புதிய சிம்மை மறுபடி சரிபார்க்கக் கோரும்.

அதே நிறுவனத்தில் தொடர விரும்பினால், முறையீட்டு எண் பெற்று முறையிடுங்கள். தீர்வு கிடைக்காவிடில் அந்நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியை அணுகலாம். தொலைத்தொடர்புச் சேவைக் குறைபாட்டிற்கு நுகர்வோர் ஆணையத்தையும் நாடலாம் என உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் உறுதி செய்துள்ளது.

வீடு வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ போகிறவர்கள், குடிநீரைச் சோதிப்பதுபோல் சிக்னலையும் ஒவ்வோர் அறையிலும் சோதிப்பது நன்று. கட்டடங்களுக்கு இணைப்பு வசதியின் அடிப்படையில் தரமதிப்பீடு வழங்குவதற்கான விதிகளைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2024 அக்டோபரில் வெளியிட்டுள்ளது.

சிக்னல் திடீரென மறைந்தால்

சிக்னல் பலவீனமான வீட்டில் வாழ்பவர்க்கு ஒரு மறைமுக ஆபத்து உண்டு. ‘சேவை இல்லை’ என்னும் அறிவிப்பு அவர்களுக்குப் பழகிவிடுகிறது. மோசடிக்காரர்கள் போலி ஆவணம் காட்டி ஒருவரது எண்ணிற்கு மாற்று சிம் பெறும்போது, உரிமையாளரின் கைபேசியில் தோன்றும் முதல் அறிகுறியும் அதே அறிவிப்புதான். வழக்கமான குறை என எண்ணி அவர் இருந்துவிட்டால், அவர்களுக்குக் காலம் கிடைத்துவிடும்.

வேறுபாட்டை அறிவது எளிது. வீட்டின் குறையாயின், மாடிக்கோ தெருவுக்கோ சென்றதும் சிக்னல் திரும்பும். வெளியே சென்றும் திரும்பவில்லை, அதே நிறுவனச் சேவையுள்ள பிறர் கைபேசி இயங்குகிறது என்றால், உடனே வேறு தொலைபேசியிலிருந்து சேவை நிறுவனத்தை அழைத்து, மாற்று சிம் வழங்கப்பட்டதா எனக் கேளுங்கள். ஐயம் உறுதியானால், வங்கியை அழைத்துக் கணக்கின் மின்னணுச் சேவைகளை நிறுத்தச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் தேசிய இணையக் குற்ற உதவி எண் 1930ஐ அழையுங்கள். புதிய சிம்முக்கு முதல் 24 மணி நேரம் குறுஞ்செய்தி வசதி நிறுத்திவைக்கப்படுவது உங்களுக்குச் சிறிது அவகாசம் தரும்.

ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கையின்படி, வங்கியின் குறையோ வாடிக்கையாளரின் குறையோ இன்றி மூன்றாம் தரப்பினரால் நேர்ந்த மோசடியை, வங்கியின் அறிவிப்பு கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பில்லை. 4 முதல் 7 வேலை நாட்களாயின் அவரும் ஒரு வரம்பிற்குட்பட்டுப் பொறுப்பேற்க வேண்டும். எனவே அறிவிப்பைக் காலத்தே காண்பது முக்கியம். குறுஞ்செய்தியோடு மின்னஞ்சல் அறிவிப்பையும் கேட்டுப் பெறுங்கள். அது வைஃபையிலேயே வந்து சேரும்.

கட்டடத்தை நம்மால் மாற்ற இயலாது. கோபுரத்தை நகர்த்தவும் இயலாது. மாடியில் ஓர் அளவீடு, கைபேசியில் ஓர் அமைப்பு, வங்கியில் ஒரு மின்னஞ்சல் பதிவு ஆகிய மூன்றும் நம் கையில் உள்ளன. ஒரு மாலைப்பொழுதில் இவற்றை முடித்துவிடலாம்.