ஒளியைப் பயின்ற கலைஞர்

கம்பம் பள்ளத்தாக்கு தமிழ்த் திரைக்கு ஈந்த கலைஞர்களுள் பண்ணைப்புரத்து இளையராஜாவும் நாராயணத்தேவன்பட்டியில் பிறந்த இயக்குநர் பாலாவும் குறிப்பிடத்தக்கவர்கள். இவ்விருவரின் கலைவாழ்விலும் இடம்பெற்றவர், கடல் கடந்து வந்த ஒளிப்பதிவாளர் பாலு மகேந்திரா. இளையராஜாவின் நூறாவது படமான ‘மூடுபனி’ (1980) இவர் இயக்கியதே. பாலா, இவரிடம் உதவி இயக்குநராகப் பயின்றவர்.

இலங்கையில் மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியில் 1939ஆம் ஆண்டு பிறந்த இவர், புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு கற்றார். ‘நெல்லு’ (1974) என்னும் மலையாளப் படத்தின்வழி அறிமுகமானார்.

காலை வெயில் சாய்ந்து விழும்; உச்சிவெயில் முகத்தில் கடுநிழல் வீழ்த்தும்; மலை சூழ்ந்த பள்ளத்தாக்கிலோ கதிரவன் மேற்குமலைக்குப் பின் செல்ல, நிழல் முன்னதாகவே படரும். இவ்வாறு ஒளி, இடத்தையும் பொழுதையும் உணர்த்துகிறது. படப்பிடிப்பு அரங்கின் மிகுவெளிச்சம் இவ்வேறுபாட்டை மறைத்துவிடும். எனவே, சாளரத்தின் வழி வரும் வெயிலையும் மலைப்பனியையும் பாலு மகேந்திரா இயல்பு மாறாமல் படமாக்கினார். மாந்தரின் மனநிலையையும் அவ்வொளியே பேசியது. ‘கோகிலா’, ‘மூன்றாம் பிறை’ ஆகிய படங்கள் ஒளிப்பதிவுக்கான தேசிய விருதை இவருக்குப் பெற்றுத்தந்தன.

தேசிய விருது பெற்ற ‘வீடு’ உள்ளிட்ட தம் படங்கள் சிலவற்றின் மூலப் படச்சுருள்கள் இல்லாமற்போனதை எண்ணி இவர் வருந்தினார். 2014இல் இவர் மறைந்தார். ஒளியைப் பதிவு செய்வது கலைஞரின் கடன். பதிவானதைக் காப்பது சமூகத்தின் கடன். ஓலைச்சுவடிகள் பலவற்றைச் செல்லுக்கு இழந்த நாம், படச்சுருள்களையும் இழத்தல் ஆகாது.