கொள்ளளவமும் கடலடிக் கம்பியும்

பௌதிகவியல் பற்றித் தமிழாசிரியன் எழுதப் புகுந்தமை கண்டு பழைய மாணவர் நகைத்தல் கூடும். இடர்ப்பாடு ஒரு சொல்லிற் கிடப்பதாலேயே எழுதத் துணிந்தேன்.

கொள்ளளவு என்றால், பாத்திரம் நிரம்பக் கொள்ளும் அளவு என்பதே வழக்கிலுள்ள பொருள். அதனை மனத்திற்கொண்டு, அழுத்தத்தை இருமடங்காக்கினாற் கொள்ளளவமும் இருமடங்காகும் என மாணவர் விடையெழுதிவிடுகின்றனர். பௌதிகவியலார் கூறும் கொள்ளளவமோ ஒரு விகிதம். ஏற்றத்தைக் கூலோமிலும் அழுத்த வித்தியாசத்தை வோல்ற்றிலும் அளந்து, முன்னதைப் பின்னதால் வகுத்தால் வருவது பரட் அலகிற் கொள்ளளவம். அகன்ற தாழியில் நீர் ஓரங்குலம் உயரப் பல குடம் வேண்டும். ஒடுங்கிய குழாயிலே சிறங்கை நீர் போதும். நீரை ஏற்றமாகவும் அதன் உயரத்தை அழுத்தமாகவும் கொண்டால், கொள்ளளவமாவது தாழியின் அகலமேயன்றி உள்ளே நிற்கும் நீரன்று.

நம் கடலையே எடுத்துக்கொள்வோம். தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி நோக்கி 30 கிலோமீற்றர் நீளமான கம்பியொன்று கடலடியிற் கிடப்பதாகக் கருதுக. நடுவே செம்பு, அதனைச் சூழக் காவலி, வெளியே உவர்நீர். இரு கடத்திகளுக்கிடையே காவலி அமைந்தமையால் கம்பி முழுவதும் ஒரு கொள்ளளவியாகிவிடுகின்றது. இவ்வுண்மையை 1854 இல் பரடே எடுத்துக்காட்டினார். 100 வோல்ற்றுக் கொடுக்க 0.0006 கூலோம் ஏறினால்,

0.0006 ÷ 100 = 0.000006 பரட்,

அதாவது 6 மைக்குரோபரட். 200 வோல்ற்றாக்கினால் ஏற்றம் 0.0012 கூலோமாகும், வகுத்தால் வருவது மீண்டும் 6 மைக்குரோபரட்டே.

இப்பிழை பள்ளிச் சிறுவர்க்கே உரியதென்று எண்ணற்க. 1858 இல் அத்திலாந்திக் கடலடியில் இட்ட முதற் தந்திக் கம்பியிற் செய்திகள் மிக மெதுவாகச் சென்றன. பொறுப்பாயிருந்த வைற்கவுஸ் என்பார் ஏறத்தாழ 2,000 வோல்ற்று அழுத்தத்தைச் செலுத்தினார். அழுத்தம் பெருகினால் நிரப்பவேண்டிய ஏற்றமும் அவ்வளவுக்குப் பெருகும்; கம்பி நிரம்பி வடியும் நேரம் குறையாது. முன்னரே குறையுடையதாயிருந்த அக்கம்பி சில வாரங்களில் ஊமையாயிற்று.

இந்திய, இலங்கை மின்வலைகளை உயரழுத்த நேரோட்டத்தால் இணைப்பதற்கு இரு நாடுகளும் 2025 ஏப்ரலிற் புரிந்துணர்வு உடன்படிக்கை செய்தன. நேரோட்டத்தை நாடுதற்குப் பிற காரணங்களும் உள. எனினும் கடலடிக் கம்பியைப் பொறுத்தவரை கொள்ளளவம் முக்கியமானது. ஆடலோட்டம் செக்கனுக்கு 50 முறை சுற்றிவர, ஒவ்வொரு சுற்றிலும் கம்பி இருமுறை நிரம்பி இருமுறை வடியவேண்டும். மறுகரையில் ஒரு விளக்கேனும் எரியாதபோதும் அவ்வோட்டம் ஓடிக்கொண்டேயிருக்கும். நேரோட்டத்திலோ கம்பி ஒருமுறை நிரம்பினால் அமையும்.