ஊராட்சிச் செய்தி நம் கைக்கும் வரட்டும்



ஒரு ஊரில் குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். "போன கிராம சபையில என்ன தீர்மானம் போட்டாங்க?" என்று கேட்டோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் ஒரு அக்கா சொன்னார்: "கூட்டம் நடந்ததே எங்களுக்குத் தெரியாது மேடம். வாட்ஸ்அப்புல போட்டாங்களாம். அந்த போன் வீட்டுக்காரர்கிட்டல்ல இருக்கு." விசாரித்தால், குடிநீர்க் குழாய் எந்தத் தெருவிலிருந்து போடுவது என்று அந்தக் கூட்டத்தில்தான் பேசி முடித்திருக்கிறார்கள். அந்த அக்காவின் தெரு கடைசியாகப் போய்விட்டது. குடம் தூக்குவது அவர்தான். ஆனால் முடிவு எடுத்த இடத்தில் அவர் இல்லை.

ஊராட்சி போன் மூலமாகச் செய்தி சொல்வது நல்ல காரியம். அந்தச் செய்தி யார் கைக்கு வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். இந்த இதழில் அதைப் பற்றிப் பேசுவோம்.

தண்டோராவுக்குப் பிறகு

முன்பு ஊரில் எந்த அறிவிப்பு என்றாலும் தண்டோரா போடுவார்கள். அந்த வேலையைப் பெரும்பாலும் பட்டியலின மக்கள் தலையில்தான் ஊர் கட்டி வைத்திருந்தது. 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு, இனி தண்டோரா வேண்டாம், வாகனத்தில் ஒலிபெருக்கி கட்டி அறிவியுங்கள் என்று மாவட்ட ஆட்சியர்களுக்குச் சொல்லிவிட்டது. அது சரியான முடிவு.

ஆனால் ஒலிபெருக்கி வண்டி வரும் நேரத்தில் நாம் களை எடுக்கப் போயிருப்போம். போனில் வந்த செய்தி அப்படியே இருக்கும். ராத்திரி வேலை முடித்து உட்கார்ந்து பார்க்கலாம். ஆன்லைனால் கிடைக்கும் லாபம் இதுதான்.

குறையும் இருக்கிறது. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் ஒரு தடவையாவது இணையத்தைப் பயன்படுத்தியவர்கள் 100 ஆண்களில் 57 பேர். 100 பெண்களில் 33 பேர் மட்டுமே. போனில் மட்டும் செய்தி சொன்னால் பெண்களுக்குத்தான் முதலில் தெரியாமல் போகும்.

சட்டம் என்ன சொல்கிறது?

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 4-ஐ நினைவில் வையுங்கள். யாரும் மனு போட்டுக் கேட்கும் முன்பே அரசு அமைப்புகள் தாங்களாகவே தகவலை வெளியிட வேண்டும் என்கிறது அது. அறிவிப்புப் பலகை, பொது அறிவிப்பு, இணையம் எல்லாவற்றையும் அந்தச் சட்டமே சொல்கிறது. உள்ளூர் மொழியில், அந்த ஊருக்கு எது நன்றாகப் போய்ச் சேருமோ அந்த வழியில் சொல்ல வேண்டும் என்றும் இருக்கிறது. ஆகவே நாம் கேட்பது சலுகை இல்லை.

ஊராட்சி எதைப் போடலாம்?

1. கிராம சபை அறிவிப்பு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆறு நாட்கள் இருக்கின்றன. நேரம், இடம், பேசப்போகும் பொருள் மூன்றையும் ஒரு வாரம் முன்பே போட வேண்டும்.

2. தீர்மானங்கள்: கூட்டம் முடிந்ததும் தீர்மானப் பக்கத்தை போட்டோ எடுத்துப் போட்டால் போதும்.

3. வரவு செலவு: ஊராட்சியின் திட்டமும் செலவும் இ-கிராம் சுவராஜ் இணையதளத்தில் இருக்கும். மத்திய அரசு 2020 ஏப்ரல் 24-ல் தொடங்கியது இது. 'மேரி பஞ்சாயத்து' என்ற செயலியிலும் பார்க்கலாம். நம் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒருமுறை பாருங்கள்.

4. அன்றாடச் செய்தி: தண்ணீர் வராத நாள், மருத்துவ முகாம், விண்ணப்பிக்கக் கடைசித் தேதி.

எதைப் போடக் கூடாது? ஆதார் எண், வங்கிப் புத்தகம், ரேஷன் கார்டு போட்டோ எதையும் குரூப்பில் போடக் கூடாது. பயனாளிப் பட்டியல் போட்டால் இந்த எண்களை மறைத்துவிட்டுப் போட வேண்டும்.

குரூப்பா, சேனலா?

"குரூப்ல சேர்ந்தா கண்டவங்க போன் பண்றாங்க" என்று பல உறுப்பினர்கள் எங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். அது உண்மைதான். வாட்ஸ்அப் குரூப்பில் நம் நம்பர் எல்லோருக்கும் தெரியும். அதோடு குட் மார்னிங் படங்களுக்கு நடுவில் முக்கியமான செய்தி காணாமல் போய்விடும்.

இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, அட்மின் மட்டும் செய்தி போடும்படி குரூப்பை அமைப்பது. இதில் தேவையில்லாத படங்கள் வராது. ஆனால் நம்பர் தெரியும். இரண்டாவது, 2023-ல் வந்த வாட்ஸ்அப் சேனல். இதில் ஊராட்சி மட்டும் செய்தி போடும். பின்தொடரும் மற்றவர்களுக்கு நம் நம்பர் தெரியாது. பெண்கள் பயமில்லாமல் சேர இதுவே நல்லது என்பது எங்கள் கருத்து.

எழுத்தோடு குரல் பதிவும் போடச் சொல்லுங்கள். படிக்கத் தெரியாத பாட்டிக்கும் அது உதவும்.

நம் குழு என்ன செய்யலாம்?

• ஒவ்வொரு குழுக் கூட்டத்திலும் பத்து நிமிடம் ஊராட்சிச் செய்திக்கு ஒதுக்குங்கள். போன் வைத்திருக்கும் உறுப்பினர் வாசிக்கட்டும், மற்றவர்கள் கேட்கட்டும். போன் இல்லாத உறுப்பினருக்கும் செய்தி போய்ச் சேர இதுவே வழி.

• அடுத்த கிராம சபையில் ஒரு தீர்மானம் கேளுங்கள்: "ஊராட்சி அறிவிப்புகளைப் போனிலும், அறிவிப்புப் பலகையிலும், ஒலிபெருக்கியிலும் சொல்ல வேண்டும்." மூன்றும் வேண்டும். ஒன்று வந்துவிட்டது என்று மற்றதை விட்டுவிடக் கூடாது.

• "அரசு பணம் தருது, இந்த லிங்க்கை அமுக்குங்க" என்று வந்தால் அமுக்காதீர்கள். ஊராட்சிச் செயலரிடமோ கூட்டமைப்பிலோ கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

• போட்ட செய்தியில் புரியாதது இருந்தால் கேளுங்கள். பதில் வராவிட்டால் கிராம சபையில் எழுந்து கேளுங்கள்.

நாம் சொன்ன அக்காவின் குழு இப்போது கூட்டத்தில் பத்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறது. முதல் நாளே அவர் கேட்ட கேள்வி: "எங்க தெருவுக்குக் குழாய் எப்ப வரும்னு இதுல போட்டிருக்கா?" போட்டிருக்கவில்லை. அடுத்த கிராம சபையில் அதைக் கேட்பதற்கு ஆறு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.

உங்கள் குழுவில் எத்தனை பேருக்கு ஊராட்சிச் செய்தி வருகிறது? அடுத்த கூட்டத்தில் எண்ணிப் பாருங்கள். வராதவர் யார் யார் என்று நோட்டில் எழுதுங்கள். அவர்களிலிருந்து தொடங்குவோம்.