சாகிற மீனாக நடிக்கும் முயல் ரோமம்: ட்ரவுட் ஏமாறுவது எப்படி?

தூண்டிலில் புழு இல்லை, உயிர் மீனும் இல்லை. ஒரு முள், கொஞ்சம் வெள்ளை முயல் ரோமம், கொஞ்சம் நூல். அவ்வளவுதான். இதை நம்பி ஒரு பெரிய பிரவுன் ட்ரவுட் வாயைத் திறக்குமா? அமெரிக்காவின் அர்கன்சாஸ் மாநிலத்தில் ஓடும் ஒயிட் ரிவரில், கடும் குளிர்காலத்தில் திறக்கும். அதற்குக் காரணம் ஓர் அணை.

ஸ்ட்ரீமர்னா என்ன?

ஃப்ளை ஃபிஷிங்கில் பயன்படும் 'ஃப்ளை'களில் பெரும்பாலானவை பூச்சி மாதிரி கட்டப்பட்டவை. ஸ்ட்ரீமர் அப்படியில்லை. அது குட்டி மீனின் நகல். தண்ணீருக்கு அடியில் போகும். ஒயிட் ரிவரில் வெள்ளை நிற ஸ்ட்ரீமருக்குத்தான் குளிர்காலத்தில் மவுசு.

ஏன் வெள்ளை?

ட்ரவுட் இந்த ஆற்றின் சொந்த மீனே இல்லை. 1951-ல் புல் ஷோல்ஸ் அணை கட்டி முடிக்கப்பட்டது. ஏரியின் ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் டர்பைன் வழியாக வெளியேறியது. வெதுவெதுப்பான நீரில் வாழ்ந்த ஸ்மால்மவுத் பாஸ் போன்ற மீன்களுக்கு அணைக்குக் கீழே அந்தக் குளிர் ஒத்துவரவில்லை. அங்கே ட்ரவுட் குஞ்சுகளை விட்டார்கள்.

மேலே ஏரியில் த்ரெட்ஃபின் ஷேட் என்ற சின்ன மீன் இருக்கிறது. மத்தி மாதிரி வெள்ளியாக மின்னும். இதுக்குக் குளிர் ஆகாது. தண்ணீர் சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் தள்ளாடும். இன்னும் குளிர்ந்தால் கூட்டம் கூட்டமாகச் சாகும். டர்பைனுக்குப் போகும் நீர் இவற்றையும் இழுத்துச் சென்று மறுபக்கம் கொட்டும். கீழே காத்திருக்கும் ட்ரவுட்டுக்கு அது கல்யாணப் பந்தி.

எப்படிக் கட்டுகிறார்கள்?

இதற்கு ஏற்ற வடிவம் 'ஸாங்கர்'. 1970களில் டேன் பைஃபோர்டு என்ற அமெரிக்கர் உருவாக்கியது.

* 4 அல்லது 6-ம் நம்பர் நீளத் தண்டு முள்ளை 'வைஸ்' என்ற பிடிகருவியில் பொருத்த வேண்டும்.
* தண்டின் மீது மினுமினுக்கும் மைலார் இழையைச் சுற்றினால் உடம்பு தயார்.
* தோலோடு வெட்டிய மெல்லிய முயல் ரோமப் பட்டையை முதுகில் வைத்து, தலையிலும் வாலிலும் நூலால் இறுக்க வேண்டும். மிச்சப் பட்டைதான் வால்.
* ரோமம் வால் பக்கம் சாய்ந்திருக்கணும். மாற்றிக் கட்டினால் மீன் போலவே தெரியாது.
* கழுத்தில் நாலு சுற்று சிவப்பு நூல். அதுதான் செவுள்.

முயல் ரோமம் எதற்கு? யாரும் இழுக்காவிட்டாலும் நீரோட்டத்தில் அது தானாக அசையும். இந்த மீன்பிடிப்புக்கு அதுதான் உயிர்.

எப்படி வீசுவது?

வழக்கமாக ஸ்ட்ரீமரை வெடுக் வெடுக்கென இழுப்பார்கள். தப்பி ஓடும் மீன் போல அது தெரியணும். ஆனால் குளிரில் விறைத்த ஷேட் ஓடாது. எனவே ஆற்றின் குறுக்கே, சற்று மேல்நோக்கி வீசிவிட்டு, நீரோட்டத்தின் வேகத்திலேயே மிதக்க விடுகிறார்கள். எப்போதாவது ஒரு சின்ன சுண்டல். சும்மா விடுறதுதான் இங்கே வித்தை.

நரம்பு சட்டென நின்றாலோ பக்கவாட்டில் நகர்ந்தாலோ மீன் கடித்திருக்கிறது என்று அர்த்தம். உடனே கோலைத் தூக்கக் கூடாது. நரம்பைக் கையால் இழுக்க வேண்டும். மீன் தவறினாலும் இரை அதன் முன்னாலேயே இருக்கும். இன்னொரு வாய்ப்பு கிடைக்கும்.

ஆபத்து எங்கே?

புல் ஷோல்ஸில் 8 மின் உற்பத்தி இயந்திரங்கள் உள்ளன. அவை ஓடத் தொடங்கினால் ஆற்றில் நீர் வேகமாக ஏறும். அணை அருகே எச்சரிக்கை ஒலி கேட்கும். பல கிலோமீட்டர் கீழே நிற்பவருக்குக் கேட்காது. அதனால் அனுபவசாலிகள் கரையோரக் கல் ஒன்றை அடையாளம் வைத்துக்கொள்வார்கள். கல் நனையத் தொடங்கினால், மீன் கடித்துக்கொண்டிருந்தாலும் கரையேறிவிட வேண்டும். ஷேட்டைக் கொண்டுவரும் அதே நீர்தான் ஆளையும் அடித்துச் செல்லும். அந்த நேரத்தில் ட்ரவுட்டைத் தேடுகிறவர்கள் ஆற்றில் இறங்குவதில்லை, படகில் போகிறார்கள்.