வீடும் நலவாழ்வும்

ஒரு வீட்டைக் கட்டி முடிப்பவர் கொத்தனார். அவ்வீட்டில் மக்கள் நோயின்றி வாழ வழி செய்பவர் யார்? சுவரும் கூரையும் ஒரு துறையின் பொறுப்பு. குடிநீரும் சாக்கடையும் மற்றொரு துறையின் பொறுப்பு. காய்ச்சலுக்கு மருந்தளிப்பது மூன்றாவது துறையின் பொறுப்பு. இம்மூன்றும் இணைந்தாலன்றி வீடு முழுமை பெறாது.

பாலக்கரை போன்ற நெருக்கமான பகுதிகளைக் கொண்ட திருச்சிராப்பள்ளி, 1866-ஆம் ஆண்டில் நகராட்சியாகவும் 1994-இல் மாநகராட்சியாகவும் ஆயிற்று. ஏழை மக்களுக்கு அடுக்கு வீடுகள் கட்டுவதோ மாநில அரசின் வாரியம். 1970-இல் குடிசை மாற்று வாரியமாகத் தோன்றிய அது, 2021 முதல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப்படுகிறது. கட்டுவோர் ஒருவர், பேணுவோர் வேறொருவர் என்றாகும்போது, இருவருக்கும் இடையே சில கடமைகள் நழுவி விழுகின்றன.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். குழாய்நீர் ஒழுங்காக வாராத இடத்தில் மக்கள் தொட்டியிலும் குடத்திலும் நீரைச் சேமிப்பர். மூடப்படாத அந்நீரில்தான் டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுகிறது. ஏறத்தாழப் பத்து நாள்களில் புதிய கொசுக்கள் பறக்கின்றன. மாடித் தொட்டிக்குத் தகுந்த மூடி அமைப்பது கட்டுவோர் கடமை. நீரை ஒழுங்காக வழங்குவது மாநகராட்சியின் கடமை. புழுக்களைக் கண்டறிவது சுகாதார ஆய்வாளரின் கடமை. ஒருவர் தவறினும் மற்ற இருவரின் உழைப்பும் வீணாகும்.

காசநோய் மற்றொரு பாடம் புகட்டுகிறது. சென்னையில் 1956-இல் தொடங்கிய ஆய்வு நிலையம், ஓராண்டுக் காலம் தவறாது மருந்துண்டால், நெருக்கமான ஏழை இல்லங்களில் இருந்தபடியே நோயாளர் குணமடையலாம் என்பதை 1959-இல் உலகுக்கு உணர்த்திற்று. ஆயின், சிகிச்சை பெறுவோரின் குடும்பம் புதுக் குடியிருப்புக்குப் பெயரும்போது, அச்செய்தி மருத்துவ நிலையத்தை எட்டாவிடில் மருந்து இடையே அறுந்துபோம். வீடு கிடைக்கும், நலம் தவறும்.

இங்கிலாந்தில் 1919 முதல் 1951 வரை வீட்டுவசதியும் சுகாதாரமும் ஒரே அமைச்சகத்தின்கீழ் இருந்தன. அதன் முதல் அமைச்சரான அடிசன் ஒரு மருத்துவர். நம் நாட்டில் துறைகள் வெவ்வேறாக இருத்தலால், கலந்து செயலாற்றும் தேவை இன்னும் மிகுதியாகிறது.

மக்களையும் மறத்தலாகாது. திருச்சியின் கல்மந்தைக் குடிசைப் பகுதியில் பொதுக் கழிப்பிடத்தைப் பெண்கள் குழுவே ஏற்றுப் பேணிற்று. 2002-இல் அப்பகுதி, திறந்தவெளியில் மலங்கழிக்கும் வழக்கத்தை முற்றிலும் ஒழித்ததாக அறிவிக்கப்பட்டது.

வரைபடம் தீட்டுமுன் சுகாதார அதிகாரியைக் கலத்தல்; குடிபுகுமுன் நீரையும் வடிகாலையும் சோதித்தல்; காய்ச்சல் பதிவேட்டைப் பொறியாளரும் காணச் செய்தல்; இவையே ஒருங்கிணைப்பு. மாணவர்களே, நாளை நீங்கள் வெவ்வேறு அலுவலகங்களில் அமர்வீர்கள். ஆயினும் உங்கள் அனைவருடைய பணியும் சென்று சேரும் இடம் ஓர் ஏழையின் வீடே என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.