உண்டியலுக்கு வரி விலக்கு தொடர வேண்டுமா?

புது தில்லி: கோவில், மசூதி, தேவாலயம், குருத்வாரா ஆகியவற்றின் வருமானத்துக்கு வரி விலக்கு தொடர வேண்டுமா என்ற பழைய கேள்வி, 2025-ல் புதிய வருமான வரி மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தபோது மீண்டும் எழுந்தது. சர்ச்சையின் மையத்தில் இருந்தது உண்டியல்.

நன்கொடையாளரின் பெயர், முகவரி பதிவு செய்யப்படாத தொகைக்கு 30 சதவீத வரி விதிக்கும் பிரிவு 2006-ல் கொண்டுவரப்பட்டது. அறக்கட்டளைகள் வழியே கறுப்புப் பணம் வெள்ளையாவதைத் தடுப்பதே நோக்கம். உண்டியலில் காசு போடும் பக்தரிடம் பெயர் கேட்க இயலாது என்பதால், மதப் பணி மட்டும் செய்யும் அமைப்புகளுக்கும், அத்துடன் அறப்பணியும் செய்யும் அமைப்புகளுக்கும் விலக்கு தரப்பட்டது.

2025 பிப்ரவரியில் அறிமுகமான மசோதாவில் இரண்டாவது வகை விடுபட்டிருந்தது. அன்னதானமும் மருத்துவமனையும் நடத்தும் மடங்கள் இதனால் பாதிக்கப்படும் என்பதை பைஜயந்த் பாண்டா தலைமையிலான தேர்வுக் குழு சுட்டிக்காட்டியது. ஆகஸ்ட் 11-ல் மக்களவை நிறைவேற்றிய திருத்திய மசோதாவில் விலக்கு மீண்டும் இடம்பெற்றது. மறுநாள் மாநிலங்களவையும் ஒப்புதல் அளித்தது. சட்டம் நடைமுறைக்கு வரும் நாளாக 2026 ஏப்ரல் 1 குறிக்கப்பட்டது.

நிபந்தனைகள் உண்டு

இச்சலுகை தானாகக் கிடைப்பதல்ல. வருமான வரித் துறையிடம் பதிவு செய்ய வேண்டும். வருமானத்தில் 85 சதவீதத்தை உரிய நோக்கத்துக்குச் செலவிட வேண்டும். நிர்வாகிகளின் குடும்பத்துக்குப் பயன் போனால் விலக்கு பறிபோகும்.

மறைமுக வரியிலிருந்தும் முழுமையாகத் தப்ப முடியாது. அயோத்தி ராமர் கோவில் அறக்கட்டளை ஐந்து ஆண்டுகளில் செலுத்திய வரி சுமார் ரூ.400 கோடி என அதன் பொதுச் செயலர் சம்பத் ராய் 2025-ல் தெரிவித்தார். அதில் ரூ.270 கோடி ஜி.எஸ்.டி. குருத்வாரா லங்கர் போன்ற இலவச உணவுக்கு வாங்கும் பொருள்களின் ஜி.எஸ்.டி.யைத் திருப்பித் தர, 2018-ல் மத்திய அரசு தனித் திட்டமே அறிவிக்க நேர்ந்தது.

தனிநபர் ஊதியத்துக்கும் விலக்கு இல்லை. தமிழகத்தில் அரசு உதவி பெறும் பள்ளிகளில் பணிபுரியும் அருட்சகோதரிகள், பாதிரியார்களின் சம்பளத்தில் வரி பிடித்தம் செய்யலாம் என 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சம்பளம் முழுவதையும் சபைக்கே அளிக்கிறோம் என்ற வாதம் எடுபடவில்லை.

இரு தரப்பு வாதம்

கைவிடப்படும் வரியின் சுமை, நம்பிக்கையற்றவர் உள்ளிட்ட எல்லோர் மீதும் விழுகிறது என்பது எதிர்ப்பாளர் வாதம். எந்த மதத்தையும் வளர்க்க வரி செலுத்துமாறு யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்னும் அரசியல் சாசனத்தின் 27-வது பிரிவை அவர்கள் காட்டுகின்றனர். ஆனால், வரி வசூலில் கணிசமான பகுதி ஒரு மதத்துக்குச் செலவானால்தான் அப்பிரிவு மீறப்படும் என, ஹஜ் மானிய வழக்கில் 2011-ல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. காணிக்கை ஈட்டிய லாபமல்ல, அது எந்த உரிமையாளருக்கும் போவதில்லை என்பது ஆதரவாளர் பதில்.

விலக்கை ஒரேயடியாக நீக்கினால் ஆள்பலமும் கணக்கரும் இல்லாத சிறிய ஆலயங்களே முதலில் தடுமாறும். அதே நேரத்தில், பெயரில்லாப் பணத்துக்கு மதத்தின் பேரில் திறந்துவிடப்பட்ட கதவு பெரிய அமைப்புகளுக்கும் திறந்தே இருக்கிறது. வரித் துறையிடம் தரப்படும் கணக்கு, காணிக்கை தந்த பக்தரின் பார்வைக்கும் வைக்கப்படுமானால், சலுகைக்கு எதிரான குற்றச்சாட்டில் பாதி வலுவிழக்கும்.